கை கொடுத்தவர்

அஸ்தோத்,
கிஸ்லே மாதம் ஐந்தாம் நாள்

எருசலேமில் ஆட்டு வாசல் தெருவில் இருக்கும் என் நாத்தனார் யெருசாவுக்கு, அண்ணி அரிஷத் எழுதுவது. வானத்தின் தேவன் உன்னையும் மாமியையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். நான் நலம். அப்பாதான் நலமாக இல்லை.

வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் கோணிக்கொண்டது. துறைமுகத்தில் கப்பல்காரர்களை அதட்டி வேலை வாங்கிய மனிதர் இப்போது தண்ணீருக்குக் கண்ணால் ஜாடை காட்டுகிறார். அம்மா போன பிறகு அவருக்கு நான் ஒருத்திதான். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று கிளம்பி வந்தேன். நடக்காது போலிருக்கிறது.

மில்காளின் இருமல் எப்படி இருக்கிறது? தேனில் கருஞ்சீரகத்தைக் குழைத்துக் கொடு, துப்புவாள், விடாதே. அந்த உடம்போடு அவளை மழைப் பாதையில் இழுத்து வர முடியாது என்றுதான் உன்னிடம் விட்டு வந்தேன். புறப்படும்போது என் முகத்தைப் பார்த்து, "நீ மெதுவா வாம்மா, அத்தைகிட்ட நான் ஜோரா இருப்பேன்" என்கிறாள். ஐந்து வயசுக்கு வாயைப் பார்.

ஒரு விஷயம், உனக்கு மட்டும். எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. இரண்டு தடவை தங்காமல் போன பிறகு, வாய்விட்டுச் சொல்லவே பயமாக இருக்கிறது. உன் அண்ணனிடம் சொல்லாதே. ஆலயத்தில் பலியிடும் அவர் முறை முடிந்து என்னை அழைத்துப்போக வரும்போது முகத்துக்கு நேரே நானே சொல்லிக்கொள்கிறேன். எப்போது வருவார் என்று கேட்டு எழுது.

இதை மீன்காரர் கேராஸ் கொண்டுவருகிறார். தாளில் மீன் வாடை அடித்தால் என்னைத் திட்டாதே. எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரிஷத்


எருசலேம்,
கிஸ்லே இருபத்து நான்காம் நாள்

அண்ணிக்கு யெருசா வணங்கி எழுதுவது. உங்கள் அப்பாவுக்குக் கைகால் திரும்பவும், உங்களுக்கு நல்லபடி தங்கவும் தேவன் கண் திறக்கட்டும். நாங்கள் எல்லாரும் நலம். மில்காளின் இருமல் பாதி போய்விட்டது. மருந்தை என் மேல் துப்பினாள், நான் விடவில்லை. நீங்கள் சொன்ன ரகசியம் என்னோடு இருக்கிறது.

இங்கே மழை என்றால் அப்படி ஒரு மழை. தெருவே ஓடை மாதிரி ஓடுகிறது. போன வாரம் நாட்டிலுள்ள ஆண்கள் எல்லாரும் மூன்று நாளுக்குள் ஆலய முற்றத்துக்கு வந்தாக வேண்டும் என்று ஆள்விட்டுச் சொன்னார்கள். அத்தனை பேரும் கொட்டுகிற மழையில் நின்றார்களாம், நடுங்கிக்கொண்டு. ஏதோ சட்டத்தைப் பற்றிப் பேச்சு. அதெல்லாம் நமக்கு என்ன தெரிகிறது. அண்ணன் நனைந்து வந்து, உடுப்பை மாற்றாமல் அடுப்போரம் உட்கார்ந்துவிட்டார். மில்காள் மடியில் ஏறி, "அப்பா, ஈரம்" என்றாள். அவளை இறக்கிவிடாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். களைப்புத்தான்.

அவர் எப்போது வருவார் என்று கேட்டிருந்தீர்கள். பாதையெல்லாம் சேறு. அவருக்கு வேலையும் அதிகம். நீங்கள் அவசரப்பட்டுப் புறப்பட வேண்டாம். அப்பாவைக் கவனியுங்கள், அதுதான் முக்கியம்.

பெலாலியா வீட்டார் எனக்குப் பஸ்காப் பண்டிகை முடிந்ததும் கல்யாணம் என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா, அதில் மாற்றம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அம்மா இப்போதே நெய்யத் தொடங்கிவிட்டாள்.

மறுபடியும் சொல்கிறேன், புறப்பட வேண்டாம். உடம்பு பத்திரம்.

யெருசா


அஸ்தோத்,
தேபேத் மாதம் பதினைந்தாம் நாள்

யெருசாவுக்கு அண்ணி எழுதுவது. நீயும் மாமியும் மில்காளும் நலமாக இருக்க வேண்டும். அப்பா அப்படியேதான் கிடக்கிறார். எனக்கு வாந்தி நின்றுவிட்டது.

நேற்று சந்தையில் சூவாளைப் பார்த்தேன். நம் தெருக்கோடியில், ஆலயத்துப் பாடகர் வீட்டு சூவாள். தலையில் அரைகல், இடுப்பில் ஒன்று, பின்னால் இரண்டு பிள்ளைகள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். நான்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"சூவா! நீ எப்படி இங்க?"

"உன்ன மாதிரிதான்."

"நான் எங்கப்பாவுக்கு முடியலன்னு பார்க்க வந்திருக்கேன்."

"ஓ, உனக்கு அப்படிச் சொல்லி அனுப்பினாங்களா?" என்று சிரித்தாள். "என்னை வாசல்ல நிக்க வச்சுச் சொன்னாங்கடி. பக்கத்து வீட்டுக்காரியெல்லாம் பார்த்துக்கிட்டு நின்னா. உனக்கு அந்த மானமாவது மிச்சம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மழையில் நின்ற அந்தக் கூட்டம் எதற்கு என்றும் சொன்னாள். அவள் கணவன் பிள்ளைகளைத் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். அரைகல்லை மட்டும் தூக்கித் தலையில் வைத்துவிட்டானாம், கனமாக இருக்கும் என்று.

யெருசா, நீ மழையைப் பற்றி இவ்வளவு எழுதினாயே. அது எதற்குப் பெய்தது என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? புறப்பட வேண்டாம் என்று இரண்டு தடவை எழுதியிருந்தாய். மூன்றாவது தடவை படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உன் அண்ணன் என்ன சொன்னார்? எதுவானாலும் நேராக எழுது. நான் தாங்கிக்கொள்வேன். மில்காளை அணைத்துக்கொள்.

அரிஷத்


எருசலேம்,
தேபேத் இருபத்தேழாம் நாள்

அண்ணிக்கு யெருசா எழுதுவது. உங்கள் உடம்பும் மனமும் நலமாக இருக்க தேவன் துணை. இங்கே மில்காள் நலம்.

மறைத்தது தப்புதான். எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மழையில் தொடங்கினேன், அதிலேயே முடித்துவிட்டேன்.

பாபிலோனிலிருந்து வந்தவர்கள் சட்டத்தை வாசித்துக் காட்டினார்கள். வேற்று இனத்துப் பெண்களைக் கட்டியதால்தான் முன்னே நாடு போனதாம். மறுபடியும் கட்டினால் மிஞ்சியதும் போகுமாம். ஆசாரியர் வீடுகள்தான் முதலில். மனைவியையும் அவள் பெற்ற பிள்ளைகளையும் அனுப்பிவிடுகிறேன் என்று மூப்பர்களிடம் வலது கையைக் கொடுத்து வாக்குச் சொல்ல வேண்டும். குற்றம் தீர ஓர் ஆட்டுக்கடா பலியிட வேண்டும். வீடு வீடாக விசாரிக்கிறார்கள். இன்னும் இரண்டு மாதத்தில், நிசான் முதல் நாளோடு கணக்கை முடிப்பார்களாம்.

பலி இறைச்சியில் ஆசாரியர் வீட்டுக்கு வரும் பரிசுத்தப் பங்கிலிருந்து மில்காளுக்கு ஒரு துண்டு இறைச்சிகூடக் கொடுக்கக் கூடாது என்று முதலிலேயே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அவளுக்குத் தனியாக ஒரு மண்சட்டி வைத்து, பயறு மட்டும் போட்டாள். "எனக்கு மட்டும் ஏன் அத்தை புதுச் சட்டி?" என்று கேட்டாள். நீ பெரியவளாகிவிட்டாய் என்றேன். அதை நம்பித் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அண்ணன் தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவள் சட்டியிலேயே கைவிட்டுச் சாப்பிட்டார்.

போன வாரம் மூப்பர்கள் மூன்று பேர் நம் வீட்டுக்கு வந்தார்கள்.

"யெதாயா, கையைக் கொடுப்பா. உங்கப்பா இருந்திருந்தா முதல் ஆளா உன்னை அனுப்பியிருப்பார்."

அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. "அவளை இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததே எங்கப்பாதான். அந்தக் கல்யாணத்துல நீங்களும் உட்கார்ந்து சாப்பிட்டீங்க."

"அது அப்போ."

"ஏழு வருஷத்துல ஓய்வுநாளன்னிக்கு அவ அடுப்பு மூட்டி நான் பார்த்ததில்ல. உங்க வீட்டுக் கூரையில புகை வந்து பார்த்திருக்கேன்."

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்போ பங்கும் கிடையாது, பலிபீடமும் கிடையாது. உட்கார்ந்துக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். அண்ணன் அவர்கள் முதுகுக்குச் சொன்னார்: "மீன் கடையில வாங்கின மீனா அவ, நாறிப்போச்சுன்னு திருப்பிக் கொடுக்க?"

நடந்தது இவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணி.

யெருசா


அஸ்தோத்,
சேபாத் மாதம் பத்தாம் நாள்

யெருசாவுக்கு. நீங்கள் எல்லாரும் நலமாக இருங்கள். அப்பா போன வாரம் போய்விட்டார். கடலைப் பார்க்க வேண்டும் என்று கண்ணைக் காட்டினார். கட்டிலோடு வாசலுக்குத் தூக்கி வந்தோம். அங்கேயே முடிந்துவிட்டது.

அழுதுகொண்டிருந்த வீட்டில் உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்துவிட்டேன். துக்கத்துக்கு வந்தவர்கள் எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவரா அப்படிச் சொன்னார்? அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர், மூப்பர்களைப் பார்த்தா சொன்னார்? அவர் சொன்னதை இன்னொரு தடவை எழுது. எப்படி நின்றார், எப்படிப் பார்த்தார், எல்லாவற்றையும் எழுது.

துக்க நாள் கழிந்ததும் நான் புறப்படுகிறேன். அந்த மூப்பர்கள் முன்னால் நானே நிற்பேன். என்னை என்ன கேட்க வேண்டுமோ கேட்கட்டும். உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்கள் தேவனைத் தவிர வேறு யாருக்கும் நான் விளக்கேற்றியதில்லை. அப்பாவுக்குக் கொள்ளி போடுவதற்கு முன் இங்கே ஒரு விளக்கு...

அதை விடு. கழுதைக்குச் சொல்லியாயிற்று. மில்காளிடம் அம்மா வருகிறாள் என்று சொல்.

அரிஷத்


எருசலேம்,
சேபாத் இருபத்தெட்டாம் நாள்

அண்ணிக்கு யெருசா எழுதுவது. உங்கள் அப்பா இறந்த செய்தி கேட்டு அம்மா அழுதாள். நல்ல மனிதர், உங்கள் கல்யாணத்துக்குக் கழுதை கழுதையாக மீன் அனுப்பினார் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தேவன் உங்களுக்கு ஆறுதல் தரட்டும்.

புறப்பட்டிருந்தால் வழியில் நின்றுவிடுங்கள். புறப்படவில்லை என்றால் புறப்படாதீர்கள். இந்தத் தடவை ஏன் என்பதையும் எழுதுகிறேன்.

பங்கு நின்றுபோனது. பலிபீடத்தில் பிழைத்த வீட்டில் வேறு என்ன இருக்கிறது? வாற்கோதுமை தீர்ந்து, அத்திப்பழத்தில் ஓட்டுகிறோம். அண்ணன் தினமும் காலையில் எழுந்து குளித்து, ஆலய வாசல் வரை போய், அங்கே நின்றுவிட்டு வருகிறார். யாரும் பேசுவதில்லை. மூப்பர்கள் கடைசியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிசான் முதல் நாளுக்குள் கை கொடுக்காவிட்டால் வீடும் நிலமும் ஆலயத்துக்கு, அவர் சபைக்கு வெளியே. பிறகு எங்களோடு யாரும் உப்புகூட மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

அம்மா நேற்று அவர் முன்னால் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். "அவ தங்கமானவதான்டா. இல்லேன்னு நான் சொன்னேனா? என்னைத் தெருவுல விட்டுத்தான் அவளை வச்சுக்கணுமா? சொல்லு, போயிடுறேன்."

அண்ணன் சொன்னார்: "அவ வாயால, வேண்டாம் போன்னு சொல்லட்டும். அப்போ கொடுக்கிறேன். அவ சொல்லாம என் கை நீளாதும்மா."

அண்ணி, இதை உங்களிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். உங்களுக்கு அங்கே வீடு இருக்கிறது. இங்கே எங்களுக்கு அவர் மட்டும்தான். அவர் நம்புகிற மாதிரி ஒன்று எழுதி அனுப்புங்கள். என்ன எழுத வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

யெருசா


அஸ்தோத்,
ஆதார் மாதம் பன்னிரண்டாம் நாள்

யெருசாவுக்கு. நலமாக இரு. நீ கேட்டது இதோடு இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டு அவரிடம் கொடு.

முதலில் உன் கடிதத்தைச் சுருட்டி அடுப்பில் போட்டுவிட்டு, கழுதையில் மூட்டையை ஏற்றினேன். ஊர் எல்லை வரை போனேன். அங்கே வயிற்றுக்குள் அசைந்தது, முதல் தடவையாக. கீழே இறங்கி உட்கார்ந்து யோசித்தேன். நான் வந்து என்ன செய்வேன்? வீடும் போய், வேலையும் போய், இரண்டு பிள்ளைகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் எங்கே போவார்? அவருக்குத் தெரிந்தது பலிபீடம் ஒன்றுதான். இன்றைக்கு எனக்காக விட்டுவிடுவார். பத்து வருஷம் கழித்து என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் தேடுவார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கழுதையைத் திருப்பினேன்.

வயிற்றில் இருப்பதைப் பற்றி மூச்சு விடாதே. தெரிந்தால் ஒரு வரியைக்கூட நம்ப மாட்டார். கேராஸிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். பஸ்காவுக்கு முன்னால் மில்காளை அனுப்பிவிடு.

உன் கல்யாணத்தைப் பற்றி இந்தத் தடவை நீ ஒன்றும் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. மனதில் பட்டது, எழுதினேன்.

அரிஷத்


(அதே தேதியில், மேலே உள்ளதோடு வைத்து அனுப்பியது)

ஆசாரியர் யெதாயாவுக்கு, துறைமுகத்து மனிதரின் மகள் அரிஷத் எழுதுவது. அஸ்தோத்தின் தெய்வங்கள் உங்களுக்கு நலம் தரட்டும்.

என் அப்பா இறந்துவிட்டார். போகும் முன் எனக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். வடக்குக் கரையில் சாயப்பட்டறை வைத்திருக்கிறவர், மனைவியை இழந்தவர். கெட்டவர் இல்லை. நான் சம்மதித்துவிட்டேன்.

உங்கள் மலை ஊர் எனக்கு என்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குளிரும், எதைத் தொட்டாலும் கழுவுவதும், இதைத் தின்னாதே அங்கே போகாதே என்பதும். உங்கள் முகத்துக்காக ஏழு வருஷம் பொறுத்தேன். இங்கே வந்து கடல் காற்று பட்டதும்தான், எவ்வளவு பொறுத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

என்னை அழைக்க வர வேண்டாம். வேண்டாம், போங்கள் என்று என் வாயால் சொல்கிறேன். உங்கள் கை உங்களுடையது, யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். மில்காளை மீன்காரரோடு அனுப்பிவிடுங்கள்.

நலமாக இருங்கள்.

அரிஷத்


எருசலேம்,
நிசான் மாதம் இருபத்தாறாம் நாள்

அண்ணி என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன். தேவன் உங்களையும் வயிற்றுப் பிள்ளையையும் காக்கட்டும்.

உங்கள் கடிதத்தை நான்தான் கொடுத்தேன். தொடக்கத்தில் நீங்கள் எழுதியிருந்த அஸ்தோத்தின் தெய்வங்கள் என்பதிலேயே அவர் கண் நின்றுவிட்டது. நெடுநேரம் அதைத் தாண்டவில்லை. பிறகு முழுவதையும் படித்து, மடித்து, "அவ குளிர்ல கஷ்டப்படுறான்னு எனக்குத் தெரியவே இல்லையே யெருசா" என்றார். மறுநாள் போய்க் கை கொடுத்துவிட்டு வந்தார். அம்மா அவர் காலைக் கழுவிவிட்டாள்.

ஆட்டுக்கடாவை அவரே அறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். நாங்கள் பெண்கள் வெளி முற்றத்தில் நின்றோம். உள்ளே சத்தம். பிறகு இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். கையைச் சுற்றி யாருடைய அங்கியோ சுற்றியிருந்தது. வலது கைப் பெருவிரல், அடியோடு. கத்தி வழுக்கிவிட்டது என்கிறார்கள். கத்தியை வலது கையில்தான் பிடித்திருந்தார் என்றும் அவர்களே சொல்கிறார்கள். நான் அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை.

காயம் ஆறி வருகிறது. ஆனால் ஊனம் உள்ளவர் பலிபீடத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது, உயிர் உள்ள வரை. பங்கு மட்டும் கொடுப்பார்கள். விறகு அறையில் உட்கார்ந்து, பூச்சி அரித்த கட்டைகளைப் பொறுக்கி எடுத்துப் போடும் வேலை. கொடுத்த வாக்கு கொடுத்ததுதானாம். அதில் ஒன்றும் மாறாதாம்.

மில்காளைப் பஸ்காவுக்கு முன் அனுப்பத்தான் இருந்தோம். கேராஸின் வண்டி வந்தால் அண்ணன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒலிவத் தோப்புப் பக்கம் போய்விடுகிறார். வண்டி போன பிறகுதான் வருகிறார். எப்படியும் அனுப்பிவிடுவோம்.

எனக்கும் கல்யாணம் முடிந்தது. பெலாலியாவின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே எல்லாரும் ஒழுங்கானவர்கள். இனி அடிக்கடி எழுத முடியும் என்று தோன்றவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யெருசா


அஸ்தோத்,
சீவான் மாதம் மூன்றாம் நாள்

யெருசாவுக்கு. புது வீட்டில் உனக்கு எல்லாம் நல்லபடியாக அமையட்டும். உன் வீட்டுக்காரர் நலமா? மாமியார் மாமனார் நலமா?

கத்தி பிடித்த கையின் விரலைக் கத்தி எப்படி வெட்டும்? அதை நீயும் யோசித்திருப்பாய். எழுதாமல் விட்டுவிட்டாய். அவர் இடது கைக்குக் கத்தியை மாற்றியிருக்கிறார். நான் அந்த முற்றத்தை ஒரு நாளும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஆனால் அவர் கத்தியை மாற்றுவதை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பலிபீடம் அவருக்கு மிஞ்சட்டும் என்றுதான் அப்படி எழுதினேன். இப்போது அதுவும் இல்லை. சாயப்பட்டறைக்காரர் என்று ஒருவரும் இல்லை, யெருசா. நான் தனியாக இருக்கிறேன். அடுத்த மாதம் எனக்கு நாள்.

அவருக்கு நானே எழுதலாம். எழுதவும் செய்தேன், கேராஸ் கையில் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். உண்மை தெரிந்தால் அன்றைக்கே அவர் புறப்பட்டு வந்துவிடுவார். வாக்கை மீறினவரின் வீடு போகும், மாமி தெருவில் நிற்பாள், அந்த ஒழுங்கானவர்கள் உன்னை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் அடியும் வலியும் உங்கள் இரண்டு பேருக்கும்தான். என் ஆசைக்காக அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. உன்னிடம் விடுகிறேன். சொல்லலாம் என்று உனக்குத் தோன்றினால் சொல். வேண்டாம் என்றால் அதையாவது ஒரு வரி எழுது.

மில்காள் இன்னும் வரவில்லை. வண்டி வரும் நாளெல்லாம் போய் நின்றுவிட்டு வருகிறேன்.

அரிஷத்


அஸ்தோத்,
தம்மூஸ் மாதம் இருபத்திரண்டாம் நாள்

யெருசாவுக்கு. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

பையன் பிறந்திருக்கிறான். எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. சூவாள்தான் இரண்டு நாள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். காது இரண்டும் உன் அண்ணனுடையது. எட்டாம் நாளும் வந்தது. உங்கள் முறைப்படி விருத்தசேதனம் செய்ய இங்கே யார் இருக்கிறார்கள்? குளிப்பாட்டிப் படுக்கவைத்தேன், அவ்வளவுதான். பெயர் இன்னும் வைக்கவில்லை.

நீ சொன்னாயா, இல்லையா?

அரிஷத்


எருசலேம்,
எலூல் மாதம் ஐந்தாம் நாள்

அஸ்தோத்தில் இருக்கும் அரிஷத்துக்கு யெதாயா எழுதுவது. வானத்தின் தேவன் உன் வீட்டார் எல்லாருக்கும் நலம் தரட்டும்.

இடது கையால் எழுதுகிறேன். சரியாக வரவில்லை. இன்னொருவர் மனைவியை நீ என்று எழுதுவது முறையில்லை என்று தெரியும். வேறு விதமாக எழுதிப் பார்த்தேன், யாருக்கோ எழுதுவது போலிருந்தது. உன் கணவர் பொறுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

மில்காளை இந்த வண்டியில் அனுப்புகிறேன். வாக்குக் கொடுத்த பிறகும் ஐந்து மாதம் அவளை ஒளித்துவைத்திருந்தேன். விறகு அறையில் என்னோடுதான் இருந்தாள். போன வாரம் மூப்பர்கள் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்காக அனுப்பவில்லை. அங்கே மற்றப் பிள்ளைகள் வருவதில்லை. கட்டைகளோடு பேசத் தொடங்கிவிட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

யெருசா எப்போதாவது வருகிறாள். உன்னைப் பற்றிக் கேட்டேன். கடிதம் எதுவும் வருவதில்லை என்றாள். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, மற்றபடி நலம். கேராஸிடமும் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அதனால் நீ நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். குளிரைப் பற்றி நீ என்னிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். இன்னொரு கம்பளி வாங்கியிருப்பேன்.

இனி எழுதுவது உன் கணவருக்கு. படித்துக் காட்டு.

ஐயா, குழந்தை தூங்கும்போது பக்கத்தில் படுத்திருப்பவர் காதைப் பிடித்துக்கொள்வாள். வலிக்கும். விரலைப் பிரித்தால் விழித்துக்கொள்வாள், அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தடவை வர மாட்டாள். இரண்டாம் தடவை கூப்பிடாதீர்கள், தானாக வருவாள். கால் கழுவினேன் என்று பொய் சொல்வாள். நாய்க்குப் பயப்பட மாட்டாள், ஆனால் வாத்தைக் கண்டால் ஓடுவாள். கதவு சாத்தியாயிற்றா என்று இருட்டியதும் கேட்பாள். எழுந்துபோய்ப் பார்க்க வேண்டியதில்லை. சாத்தியாச்சு என்று சொன்னால் போதும், நம்பிவிடுவாள்.

முதலில் உங்களை அப்பா என்று கூப்பிட மாட்டாள். கொஞ்ச நாள் விடுங்கள். நானும் அவளிடம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் தொழில் நன்றாக நடக்கட்டும். இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யெதாயா